எட்டாவது அம்மா

எட்டாவது கணக்கு சரி. ஒன்பதாவதும் சரி. பத்தாவது கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் கணக்கைக் காணோம். எழுத்தின் மேல் எழுத்து ஏறும்படி நெருக்கி நெருக்கி, பென்சிலால் சில வரிகள் இருந்தன.

"டீச்சர், அம்மான்னு பேர் போட்டு வர்றவங்கள்ல ஒருத்தங்க என்கிட்ட மட்டும் சாட்ல பேசறாங்க. அன்னிக்கு எங்கப்பா கத்தினதை ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காங்களாம். எங்க வீட்டு அட்ரஸ் கேக்கறாங்க. இன்னிக்குக் கிளாஸ் முடியறதுக்குள்ள சொல்லலைன்னா எல்லாப் பசங்களுக்கும் அனுப்பிடுவாங்களாம். உங்ககிட்ட சாட்ல சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சுடுமாம். அதான் நோட்டுல எழுதறேன்."

கணக்கு டீச்சர் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பெண் அனுப்பியிருந்த வீட்டுப்பாட நோட்டின் படத்தை விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கினால் வேறு ஏதாவது எழுதியிருக்காதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. அதே வரிகள்தான் பெரிதாக நின்றன.

மணி ஒன்பது இருபது. ஒன்பதரைக்கு வகுப்பு.

நோட்டு வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டாம் எண்ணுடையது. ஏழாம் வகுப்பு. கேட்டால் ஒழிய வாய் திறக்காத பெண். அம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். காலையில் போனை மகளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள். அந்தப் போனில் தையல் கடையின் பெயர்ப்பலகைப் படம் இருக்கும். வீடியோ வகுப்பில் அந்தப் பெண்ணின் பெயரும் "தையல் கடை" என்றுதான் வரும்.

அப்படித்தான் எல்லாருமே. வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவுடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருக்கும். வகுப்பு ஆரம்பித்த புதிதில், "ஒவ்வொருத்தரும் உங்க பேரைப் போட்டுத்தான் உள்ள வரணும்" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னாள். ஒரு தகப்பனார் சொன்னபடியே பெயரை மாற்றினார். மறுநாள் அவருடைய கம்பெனி மீட்டிங்கில் நாற்பத்தைந்து வயது மனிதர் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பெயரோடு போய் உட்கார்ந்தார். முதலாளி உட்படச் சிரித்துவிட்டார்களாம். அவர் டீச்சருக்குப் போன் போட்டுக் கத்திய கத்தலில், அந்தச் சட்டம் அன்றோடு செத்தது. அதற்குப் பிறகு டீச்சர் ஒரு நோட்டில் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டாள். "அப்பா புது நம்பர்" என்றால் ஒன்பதாம் எண். "கேஸ் அண்ணன்" என்றால் பதினேழு. "லாரி ஷெட்" என்றால் முப்பத்தொன்று.

"அம்மா" மட்டும் ஏழு பேர்.

ஏழு அம்மாக்களையும் அவளுக்குக் குரலில் தெரியும். ஒரு அம்மாவின் பின்னால் மின்விசிறி கடகடவென்று ஆடும். ஒரு அம்மா எப்போதும் மூக்கடைப்போடு "எஸ் டீச்சர்" சொல்லும். பட்டியலில் "அம்மா" என்று பார்த்தாலே டீச்சருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அம்மா என்று பெயர் போட்டு வந்தவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

எட்டாவது அம்மா எப்போது வந்தாள்? அவள் யார்? அவள்தானா, அவனா?

டீச்சர் பட்டியல் நோட்டை மறுபடி புரட்டினாள்.

இருபத்தோரு வருஷ சர்வீஸ். பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "சைரன்". மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கும் குரல். திருமணமான மூன்றாம் வருஷம் கணவர் கப்பல் வேலைக்குப் போனார். ஆண்டுக்கு இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். பிள்ளை இல்லை. "உங்களுக்கென்ன, வருஷத்துக்கு நாப்பது பிள்ளை" என்று யாராவது சொன்னால் அவள் சிரித்துக்கொள்வாள், அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அந்த நாற்பது பேரையும் இப்போது ஒரு கண்ணாடிக்குள் அடைத்துவிட்டார்கள். படுக்கையறையில் இரும்பு பீரோவின் கதவுதான் கரும்பலகை. மார்க்கர் பேனாவால் எழுதி ஈரத் துணியால் துடைப்பாள். இஸ்திரி மேசைமேல் பழைய லேப்டாப். உயரம் ஏற்றி இறக்க அதைவிட வசதியான மேசை கிடையாது.

தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். வகுப்புக்கு வருகிறவர்களை வெளியே காக்கவைத்து, ஒவ்வொருவராக ஆள் பார்த்து உள்ளே விட வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் தனியாகச் சாட் செய்யும் வசதியை அடைத்துவிட வேண்டும். பாஸ்வேர்டை வாரா வாரம் மாற்ற வேண்டும். ஆசிரியர் வருமுன் யாரும் நுழையக் கூடாது. டீச்சர் படித்தாள். கையெழுத்தும் போட்டாள். முதல் வாரம் அப்படியே நடத்தினாள். பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நிறுத்தி, வாசலில் நிற்கும் "லாரி ஷெட்"டுக்குக் கதவு திறக்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் பத்து அம்மாக்கள் போன் செய்தார்கள். ஒருநாள் கரண்ட் போய் அவள் தாமதமானபோது பிள்ளைகள் வெளியே தவித்தார்கள். ஒவ்வொன்றாக எல்லாக் கதவையும் அவளே திறந்து வைத்தாள். பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்றுதான்.

பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாதாம்!

அவள் பள்ளியின் கம்ப்யூட்டர் சாருக்குப் போன் போட்டாள். இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

"டீச்சர், மணி என்ன? இன்னும் கிளாஸ் ஆரம்பிக்கலைல்ல? அப்ப ஆரம்பிக்காதீங்க. கேன்சல் பண்ணுங்க."

"சார், எனக்கு முன்னாடியே பசங்க உள்ள போயிடுவாங்க சார்."

"எப்படிப் போவாங்க? நீங்க இல்லாம..." அவர் நிறுத்தினார். "அதையும் திறந்து வெச்சிருக்கீங்களா?"

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி. இப்ப திட்டி என்ன பண்றது. அந்தப் பொண்ணு உள்ள இருக்கா பாருங்க."

அவள் தன் பெயரில் நுழையாமலே லேப்டாப்பில் பட்டியலை மட்டும் திறந்தாள். பதினோரு பேர் உள்ளே. நான்கு அம்மாக்கள். அவர்களுக்கு நடுவே, தையல் கடை.

"இருக்கா சார். அந்த ஆளும் இருக்கும் போல. மொத்தமா கிளாஸை மூடிடட்டுமா?"

"மூடுங்க. இல்ல, இல்ல, இருங்க! மூடாதீங்க! அவ போன்ல அந்த ஆள் அனுப்பின சாட் இருக்குல்ல? கிளாஸை மூடினா அது போயிடும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் கிடைக்காது. நாளைக்கு போலீஸ் கேட்டா காட்ட ஒண்ணுமே இருக்காது. அவளை முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அந்த ஆளைத் தூக்கி எறிங்க."

டீச்சர் தையல்கார அம்மாவின் எண்ணுக்கு அழைத்தாள். ஒரு முறை மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தாள். மறுபடி துண்டிப்பு.

அவளுக்குப் புரிந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கிளாஸ் நேரத்துல யார் போன் பண்ணாலும் கட் பண்ணணும். கடவுளே கூப்பிட்டாலும் கட் பண்ணணும்" என்று ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது யார்? இருபத்திரண்டு நல்ல பெண். சொன்ன சொல் தட்டாத பெண்.

"அண்ணி, என்ன முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" நாத்தனார் கையில் தேநீரோடு கதவருகே நின்றாள். கணவரைப் பிரிந்து இரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறாள். வீட்டை அவள்தான் நடத்துகிறாள், டீச்சரையும் சேர்த்து.

"கடைத்தெரு முக்குல இருக்கிற தையல் கடை தெரியுமா உனக்கு?"

"என் ஜாக்கெட் கையைக் குட்டையா வெட்டினாளே, அவளா? அவளை எப்படி மறப்பேன்?"

"இப்பவே ஓடு. அவளைக் கையோட கூட்டிட்டு அவ வீட்டுக்குப் போ. பொண்ணு தனியா இருக்கா. எதுக்குன்னு வழியில சொல்லு. யாரோ அந்தப் பிள்ளையை மிரட்டறாங்க."

நாத்தனார் தேநீரை பீரோவின் மேல் வைத்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கேள்வியும் வராதது அன்றுதான் முதல் தடவை. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. ஒரு காலில் வேறு செருப்பு என்று பின்னால் தெரிந்தது.

ஒன்பது இருபத்தெட்டு. கம்ப்யூட்டர் சார் காதில் இருந்தார். இடது காதில் ஒரு சின்ன இயர்போன்; அதன்மேல் முடியை இழுத்து விட்டுக்கொண்டாள். டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"குட் மார்னிங் டீச்சர்!"

"குட் மார்னிங், உக்காருங்க" என்றாள் பழக்கத்தில். எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

காதுக்குள் சார் சொல்லச் சொல்ல, அவள் விரல் நகர்ந்தது. கீழே சாட். மூன்று புள்ளி. யார் யாருக்கு எழுதலாம்? "ஆசிரியருக்கு மட்டும்." அழுத்தினாள். ஒரு கதவு சாத்தியது. இனி அந்த எட்டாவது அம்மா இருபத்திரண்டுக்கு ஒரு எழுத்துக்கூட அனுப்ப முடியாது. ஆனால் அது அந்த ஆளுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

"டீச்சர், சாட் போகமாட்டேங்குது!" என்றான் லாரி ஷெட்.

"நீ கணக்கைப் போடு, சாட்டை விடு. அட்டெண்டன்ஸ்!"

அவள் எண் சொல்லிக் கூப்பிட்டாள். திரையில் பேசுகிறவரின் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு எரியும். ஒவ்வொரு முறை ஓர் அம்மாவைச் சுற்றிப் பச்சை எரிந்தபோதும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மூக்கடைப்பு அம்மா. மின்விசிறி அம்மா. மூன்று, நான்கு. கட்டங்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை; யார் பேசினாலும் இடம் மாறின. ஐந்து. ஆறு.

"இருபத்திரண்டு."

பதில் இல்லை.

"இருபத்திரண்டு?"

"எஸ்... டீச்சர்." தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

 தன் குரல் மாறினால் அந்த ஆள் கவனிக்கும். "சாப்பிட்டியாம்மா? சத்தமே வரலையே! இருபத்திமூணு!" என்று தாண்டிப் போனாள்.

ஏழாவது அம்மாவும் பேசிவிட்டாள். முப்பத்தாறு பேரில் முப்பத்திமூன்று பேர் வந்திருந்தார்கள். தன்னைத் தவிர்த்து எண்ணினாள். முப்பத்திநான்கு கட்டங்கள். ஐந்து மாதமாக அவள் குரல்களை எண்ணினாளே தவிர, தலைகளை ஒருநாளும் எண்ணவில்லை.

படமில்லாத, கறுப்பான ஒரு கட்டம். வெள்ளை எழுத்தில் "அம்மா".

அப்போது அவளுக்கு ஒரு செய்தி வந்தது.

"வணக்கம் டீச்சர். பொண்ணுக்கு மைக் ரிப்பேர். பிரசென்ட் போட்டுக்கங்க."

எத்தனை மரியாதை! எத்தனை பணிவு! டீச்சருக்கு முதுகுத்தண்டில் பல்லி ஊர்ந்தது போல இருந்தது. பீரோ பக்கம் திரும்பி, ஏதோ எழுதுவது போல நின்று மூச்சை இழுத்து விட்டாள். திரும்பி வந்து தட்டினாள்: "சரிங்க. எந்த நம்பர்?"

அந்தப் பக்கம் அமைதி. பத்து விநாடி. இருபது விநாடி.  பிறகு பதில் வந்தது.

"22."

அத்தனை எண்ணைக் கேட்டிருந்தும் அந்த ஆளின் மனதில் நின்றது ஒரே ஒரு எண்தான்.

"சார்" என்று ஒரு கணம் மைக்கை அணைத்து, உதடு அசையாமல் சொன்னாள். "கண்டுபிடிச்சுட்டேன்."

"தொடாதீங்க. முதல்ல அந்தப் பொண்ணு."

"பசங்களா, பக்கம் நாப்பத்தொண்ணு, முதல் ரெண்டு கணக்கு. எல்லாரும் மியூட்ல இருந்து போடுங்க. பாத்து எழுதறவங்க கை ஒடியும்."

"ஆன்லைன்ல எப்படி டீச்சர் ஒடிப்பீங்க?"

"பார்சல்ல வரச் சொல்லி ஒடிப்பேன். போடுடா."

சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மறைவில் அவள் பட்டியலில் "தையல் கடை"யைத் தேடிப் பிடித்தாள். செய்திப் பெட்டியின் மேல் "எல்லாருக்கும்" என்றிருந்தது. அதை மாற்றாமல் அனுப்பினால் முடிந்தது கதை. மாற்றினாள். மாறிவிட்டதா என்று மூன்று தடவை பார்த்தாள். தட்டினாள்.

"உன் நோட்டைப் படிச்சேன். இதை அந்த ஆளால பாக்க முடியாது. அது பொய் சொல்லியிருக்கு. அட்ரஸ் அனுப்பிட்டியா?"

"பாதி டீச்சர்."

"பாதின்னா?"

"தெரு பேரு மட்டும். அதுக்குள்ள சாட் நின்னுடுச்சு."

தெருவின் பெயர்! டீச்சர் இஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் பதினைந்து வீடு இருக்குமா? இருபது இருக்குமா?

"கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அம்மா வந்துட்டிருக்காங்க. அவங்க குரல் கேட்டா மட்டும் திற. இப்ப அந்த ஆள் அனுப்பினதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் நம்பருக்கு அனுப்பு."

பதில் இல்லை. ஒரு நிமிஷம் போனது. "முதல் கணக்கு முடிச்சாச்சு டீச்சர்!" என்றது மூக்கடைப்பு அம்மா.

"ரெண்டாவது போடு."

கடைசியில் வந்தது: "மாட்டேன் டீச்சர். அவங்களை மாட்டிவிட்டா வீடியோவைப் போட்டுடுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நான் ஸ்கூலுக்கே வர முடியாது. அட்ரஸ் சொல்லிட்டா விட்டுடறேன்னு சொன்னாங்க. சாட் திறந்ததும் நான் சொல்லிடறேன்."

டீச்சருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு முன். தசமப் புள்ளி பாடம். இருபத்திரண்டின் மைக் திறந்திருந்தது. வேலை போன தகப்பன் வீட்டுக்குள் வந்திருக்கிறான். கத்தல். தாயின் அழுகை. ஏதோ பாத்திரம் சுவரில் மோதி உருளும் சத்தம். அரை நிமிஷம் ஆனது டீச்சருக்கு அந்தக் கட்டத்தைத் தேடி மியூட் செய்ய. வகுப்பு உறைந்து போயிருந்தது. அன்று மதியம் அந்தப் பெண் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், கேட்டுச்சா?"

டீச்சர் சொன்னாள்: "எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு கண்ணு. உடனே மியூட் பண்ணிட்டேன். வேற யாருக்கும் கேக்கல."

ஆறுதல் என்று நினைத்துச் சொன்ன பொய். அந்தப் பொய்யைத்தான் அந்த ஆள் கையில் கத்தியாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறது! எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை வைத்து ஒருவரை மிரட்ட முடியுமா? முடியாது. இதை ரகசியமாக ஆக்கியது டீச்சர் அல்லவா?

 தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

"கண்ணு, நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு எல்லாருக்கும் கேட்டுச்சு. கிளாஸ் மொத்தத்துக்கும். மூணு வாரமா எல்லாருக்கும் தெரியும். அந்த ஆள் கையில ஒண்ணும் இல்ல. என்னை மன்னிச்சுடு."

அனுப்பினாள். தையல் கடையின் கட்டம் அப்படியே இருந்தது. பெயர்ப்பலகைப் படத்தில் ஒரு கத்தரிக்கோல்.

"டீச்சர், என்னாச்சு?" என்று காதுக்குள் சார் கேட்டார்.

"இருங்க சார்."

கட்டம் மறைந்துவிடுமோ? பெண் போனை அணைத்துவிடுவாளோ? இனி தன்னை நம்பவே மாட்டாளோ? பெற்ற தாய் இல்லை அவள். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் எந்தத் தாய் துடிக்கும் துடிப்பையும் அவள் துடித்து முடித்தாள்.

கத்தரிக்கோலைச் சுற்றிப் பச்சை எரிந்தது.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கணும்." குரல் வகுப்பு முழுதும் கேட்டது. "எல்லாரையும் கேக்கணும். அன்னிக்கு... எங்க வீட்ல சண்டை நடந்துச்சே... அது உங்களுக்கெல்லாம் கேட்டுச்சா?"

யாரும் வாய் திறக்கவில்லை. குறுக்கிடப் போன டீச்சர், மியூட் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு" என்றான் கடைசியில் லாரி ஷெட்.

"எனக்கும்" என்றது மின்விசிறி அம்மாவின் பெண். "ஆனா நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

"ஏன் யாருமே என்கிட்ட கேக்கல?"

"என்னத்தைக் கேக்கறது?" என்றான் கேஸ் அண்ணன். "எங்க வீட்ல தெனமும் சண்டைதான். எங்கம்மா விவரம். கிளாஸ் நேரம்னா முதல்ல என் போனை மியூட் போட்டுட்டுத்தான் எங்கப்பாவைத் திட்டும்."

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"அது டம்ளரா, தட்டா?" என்றது ஒரு சின்னக் குரல். "நாங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டியிருக்கோம்."

"டேய்!" என்று டீச்சர் அதட்டுமுன், தையல் கடையிலிருந்து சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம்.

"தட்டு" என்றாள் இருபத்திரண்டு.

டீச்சரின் போன் அதிர்ந்தது. ஒரு படம். இன்னொரு படம். மூன்று, நான்கு, ஐந்து. ஒன்பது படங்கள். ஒவ்வொன்றின் மேலும் "அம்மா" என்ற பெயர். அதன் கீழே எந்த அம்மாவும் ஒரு பிள்ளைக்கு எழுதாத சொற்கள்.

"வந்துடுச்சு சார்."

"இப்ப தூக்குங்க!"

கறுப்புக் கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். நீக்கு. நிச்சயமா என்று கேட்டது. இருபத்தோரு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் வகுப்பை விட்டு வெளியே நிறுத்தியது இல்லை. ஓங்கி அழுத்தினாள். கட்டம் போயிற்று. சார் சொன்னபடி வகுப்பைப் பூட்டினாள்.

பிறகு பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னாள். நம் வகுப்புக்குள் ஒரு அந்நியர் வந்து உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து வைத்தது நான்தான். "வேற யாருக்காவது தனியா மெசேஜ் வந்துச்சா? வந்திருந்தா என்கிட்ட சொல்லலாம். திட்ட மாட்டேன்."

மூன்று கைகள் உயர்ந்தன. "எனக்கு ஹாய்னு வந்துச்சு டீச்சர். அம்மாதானேன்னு நானும் ஹாய் போட்டேன்." இன்னொருத்தன் குரல் கம்மியது: "டீச்சர், எங்கப்பா நான் படிக்கற அழகைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டார். அதுல லிங்க்கும் பாஸ்வேர்டும் தெரியுது. நான் அப்பவே சொன்னேன், கேக்கல."

ஐந்து மாதமாக மாறாத பாஸ்வேர்டு. டீச்சர் அவனைத் தேற்றினாள். தன்னைத் தேற்ற அங்கே யாரும் இல்லை.

பதினொரு மணிக்கு அவள் அந்தத் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். வழியிலேயே தலைமையாசிரியைக்குப் போன் செய்து முழுதும் சொல்லிவிட்டாள்.  "சுற்றறிக்கைல கையெழுத்துப் போட்டீங்களே டீச்சர்" என்று மட்டும் கேட்டார். "போட்டேன் மேடம்" என்றாள். விளக்கம் எழுதித் தரச் சொன்னார். அது முடியும்வரை வகுப்பை வேறொருவர் எடுப்பார் என்றார். டீச்சர் சரி என்றாள்.

மாடிப்படியில் நாத்தனார் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எவனாவது வந்திருந்தான்னா இன்னிக்கு இருக்கு அவனுக்கு" என்றாள். உள்ளே தையல்கார அம்மா, கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்தவளாக, மகளை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டை டீச்சர் ஐந்து மாதத்துக்குப் பிறகு முழு உருவமாகப் பார்த்தாள். வளர்ந்திருந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன.

ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று டீச்சர் நினைத்தாள். பெண் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "ஏன் டீச்சர் பொய் சொன்னீங்க?" என்றாள்.

"நீ வருத்தப்படுவியேன்னு."

"தெரிஞ்சிருந்தா நான் முதல் நாளே உங்ககிட்ட சொல்லியிருப்பேன்."

டீச்சர் தலையை ஆட்டினாள்.  சற்றுப் பொறுத்துப் பெண்ணே வந்து அவள் கையைப் பிடித்தாள். அந்த விரல்கள் ஐஸ் போல இருந்தன.

தகப்பன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வேலை கேட்டுப் போய்த் திரும்பிய மனிதர். கையில் சான்றிதழ் உறை. மனைவி போனை நீட்டினாள். ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவது படத்தில் நிறுத்தினார். "உங்கப்பா கத்தினது" என்று ஆரம்பிக்கும் படம் அது. அதை அவர் மறுபடி படித்தார்.

"இது எல்லாருக்கும் கேட்டுச்சா டீச்சர்?"

"கேட்டுச்சு."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த ஒரு வடு இருந்தது. சட்டையை மாற்றவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கிளம்பலாம்" என்றார்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவர்களை உள்ளறையில் உட்காரவைத்தார். படங்களைத் தன் கணினிக்கு மாற்றிக்கொண்டார். வகுப்பின் லிங்க், நேரம், கட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் டீச்சர் சொன்னாள். கம்ப்யூட்டர் சார் எழுதி அனுப்பிய விவரங்களையும் கொடுத்தாள். தன் தவறு என்ன என்பதையும் விடவில்லை. "ஆளைப் பிடிக்க நாளாகலாம், ஆனா இவ்வளவு இருக்கறதால வழி இருக்கு. உங்க தெருப் பக்கம் ராத்திரி ரோந்து போகச் சொல்றேன்" என்றார் அதிகாரி. பிறகு பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"ஒரு வீடியோ வெச்சிருக்கேன்னு மிரட்டியிருக்கு. அதுல என்ன இருக்கு?"

பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தாயைப் பார்த்தாள். தாய் அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். 

"அதுல நான் இருக்கேன் மேடம்" என்றார் தகப்பன். "வேலை போன கோபத்துல என் பொண்டாட்டியைப் பாத்துக் கத்தினேன். தட்டைத் தூக்கி அடிச்சேன். பிள்ளை பக்கத்துல உக்காந்து படிச்சிட்டிருந்தா. அதையும் எழுதிக்கங்க."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு சொல்லும் விடாமல் எழுதினார்.